கிறிஸ்மஸிலிருந்து மறுரூப ஞாயிறு வரை: கிருஷ்ணகிரி லுத்தரன் சபையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டிசம்பர் வந்துவிட்டால் எங்கள் கோயில் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டே சிலர் கேட்கிற கேள்விகள் உண்டு. ஞாயிறு பள்ளி வாத்தியாராகவும் கொஞ்ச காலம் சபைச் செயலாளராகவும் இருந்ததால் அவை என்னிடம்தான் வந்து சேரும். ஒரே பதிலைப் பத்துப் பேரிடம் பத்து விதமாகச் சொல்லிவிட்டு, கடைசியில் எது சரி என்று எனக்கே குழப்பம் வந்ததால் உட்கார்ந்து எழுதி வைத்தேன். கேள்விகளைக் கேட்டவர்கள் வாய்மொழியிலேயே விட்டிருக்கிறேன். பதில்களைப் போதகர் ஒருமுறை பார்த்துத் திருத்தினார். மற்ற லுத்தரன் சபைகளில் நேரமும் வழக்கமும் கொஞ்சம் மாறும், அதற்காக யாரும் சண்டைக்கு வர வேண்டாம்.

டிசம்பர் பொறந்தாச்சு, ஊரெல்லாம் கிறிஸ்மஸ் பாட்டு. நம்ம கோயில்ல மட்டும் ஏன் இன்னும் பாடல?

ஏனென்றால் நமக்கு அது இன்னும் கிறிஸ்மஸ் இல்லை, திருவருகைக் காலம். அட்வெந்து என்றும் சொல்வோம். கிறிஸ்மஸுக்கு முந்தின நான்கு ஞாயிறுகள் அதில் அடங்கும். முதல் ஞாயிறு நவம்பர் 27-க்கும் டிசம்பர் 3-க்கும் நடுவே எப்போதாவது வரும். 2025-இல் அது நவம்பர் 30. சபையின் வருஷமே அன்றைக்குத்தான் தொடங்குகிறது, ஜனவரி 1 அன்று அல்ல.

மாமரத்தில் பூ தெரிந்ததுமே பழத்துக்குப் பை எடுத்துக்கொண்டு போகிறவர் நம் மாவட்டத்தில் யாரும் இல்லை. அட்வெந்தும் பூக்காலம்தான். பாடல்கள் "வாரும்" என்று கேட்கிற பாடல்களாக இருக்கும், "வந்தார்" என்பது 24 இரவு வரை காத்திருக்கும். அப்படியென்றால் அதே மாதத்தில் கேரல் ரவுண்டு போய் வீடு வீடாகப் பிறந்தார் பிறந்தார் என்று பாடுகிறோமே என்று ஒரு பையன் என்னை மடக்கினான். நியாயமான கேள்விதான். அரையாண்டுப் பரீட்சை, ஓசூரிலும் பெங்களூரிலும் வேலை பார்க்கிறவர்களின் லீவு, இரண்டையும் பார்த்துத்தான் ரவுண்டு தேதி வைக்கிறோம். கோயிலுக்குள் காத்திருக்கிறோம், தெருவில் அவசரப்படுகிறோம். அதற்கு மேல் என்னிடம் விளக்கம் இல்லை.

அட்வெந்து முதல் ஞாயிறுல குருத்தோலை ஞாயிறு வசனத்த வாசிச்சாங்களே, பக்கம் மாத்தி எடுத்துட்டாங்களா?

மாற்றி எடுக்கவில்லை. ஈஸ்டருக்கு முந்தின ஞாயிறு நாம் நினைக்கிற, இயேசு கழுதைமேல் ஏறி எருசலேமுக்குள் வருகிற மத்தேயு 21-ஆம் அதிகாரம்தான் லுத்தரன் சபைகளின் பழைய ஒரு வருஷப் பாடத்திட்டத்தில் (எந்த ஞாயிறு எந்த வேதபகுதியை வாசிப்பது என்கிற அட்டவணை) அட்வெந்து முதல் ஞாயிறின் சுவிசேஷம். "உன் ராஜா உன்னிடத்தில் வருகிறார்" என்கிற அந்த ஒரு வரிக்காகவே அதை அங்கே வைத்திருக்கிறார்கள். வருகிறவர் யார், எப்படி வருகிறார், எதற்காக வருகிறார் என்று முதல் நாளே சொல்லிவிடுகிற பாடம் அது. தொட்டிலை நோக்கிப் போகிறவர்களுக்குச் சிலுவை நிற்கிற ஊரை முதலில் காட்டிவிடுகிறது.

மூன்று வருஷப் பாடத்திட்டத்தைப் பின்பற்றுகிற சபைகளும் உண்டு. ஒரு வருஷம் மத்தேயு, அடுத்தது மாற்கு, அதற்கடுத்தது லூக்கா என்று சுற்றிவரும். 2025 அட்வெந்தில் தொடங்கியது மத்தேயு வருஷம். உறவினர் வீட்டுக்குப் போய் வேறு கோயிலில் வேறு பாடம் கேட்டால் குழம்ப வேண்டாம்.

பலிபீடத்துத் துணி கலர் மாறிக்கிட்டே இருக்கே, அது யார் இஷ்டம்?

காலத்தின் இஷ்டம். அட்வெந்துக்கு ஊதா, சில சபைகளில் நீலம். கிறிஸ்மஸுக்கும் ஜனவரி 6 பிரசன்னத் திருநாளுக்கும் வெள்ளை. அதற்குப் பின்வரும் ஞாயிறுகளில் பெரும்பாலும் பச்சை, கடைசியில், இயேசு மலைமேல் ரூபம் மாறினதை நினைக்கிற மறுரூப ஞாயிறுக்குத் திரும்பவும் வெள்ளை. ஒருமுறை வெள்ளைத் துணி சலவையிலிருந்து வராமல், 25 காலை ஊதாவிலேயே ஆராதனை நடந்தது. யாருக்கும் இரட்சிப்பு கெடவில்லை. துணியைப் பார்த்துக்கொள்கிற அக்காவின் முகம்தான் ஒரு வாரம் சரியில்லை.

கிறிஸ்மஸ் அன்னிக்கு காலைல நாலரை மணிக்கு ஏன் கோயில்? அதுவும் எங்க ஊருக்கு ஐயர் வராம உபதேசியார்தான் வர்றார்.

விடியற்கால ஆராதனை தமிழ்நாட்டுச் சபைகளில் ஊறிப்போன வழக்கம். கிருஷ்ணகிரியில் அந்த நேரத்துப் பனி எப்படியென்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பாட்டிமார்கள் புதுப்புடவையின் மேலே கம்பளியைச் சுற்றிக்கொண்டு, காதை மட்டும் வெளியே விட்டு உட்கார்ந்திருப்பார்கள். மார்கழி மாதம் என்பதால் பக்கத்துத் தெருப் பெருமாள் கோயில் ஒலிபெருக்கியும் அதே நேரம் தொடங்கும். அந்த மணியும் எங்கள் மணியும் ஒன்றாகக் கேட்கும். நடுவில் இருக்கிற டீக்கடைக்காரர் இரண்டு கூட்டத்துக்கும் சேர்த்துத்தான் பால் வாங்கி வைக்கிறார்.

ஐயர் என்று நாம் சொல்கிற போதகர் ஒருவர், ஊர்கள் பல. டவுன் ஆராதனையை முடித்து, ஒரு கிராமத்தில் எட்டு மணிக்கு, இன்னொன்றில் பதினொரு மணிக்கு என்று ஓடுவார். போக முடியாத ஊரில், அவர் எழுதிக் கொடுத்த பிரசங்கத்தை அவருக்கு உதவியாக இருக்கிற உபதேசியார் வாசிப்பார். "வாசிக்கிறாரே, பேசத் தெரியாதா" என்று குறைப்பட்டுக்கொள்கிறார்கள். நம் சபைக்குப் பெயர் தந்த ஜெர்மன் சீர்திருத்தக்காரர் மார்ட்டின் லுத்தரே இதற்கென்று பிரசங்கங்கள் எழுதினவர். 1521-22-இல் வார்ட்பர்க் கோட்டையில் மறைந்திருந்தபோது அவர் எழுதிய வேலைகளில் ஒன்று, கிறிஸ்மஸ் காலப் பாடங்களுக்கான பிரசங்கத் தொகுப்பு. சரியாகப் பிரசங்கிக்கத் தெரியாத குருமார் சபையில் நின்று வாசிக்கட்டும் என்பதும் அதன் நோக்கம். லுத்தரன்களின் அடிப்படை அறிக்கையான 1530-இன் ஆக்ஸ்பர்க் விசுவாச அறிக்கையும், வசனத்தின் வல்லமை அதைச் சொல்கிற ஆளின் தகுதியைப் பொறுத்தது அல்ல என்கிறது. ஆகவே உபதேசியார் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மெதுவாக வாசித்தாலும் அது முழுப் பிரசங்கம்தான்.

வருஷா வருஷம் அதே லூக்கா ரெண்டாம் அதிகாரம்தானா? புதுசா ஒண்ணும் சொல்ல மாட்டாங்களா?

அதே அதிகாரம்தான். புதிதாகச் சொல்வது பிரசங்கியின் வேலை அல்ல என்பது என் எண்ணம். தேவதூதன் மேய்ப்பர்களிடம் சொன்ன வாக்கியத்தைப் பாருங்கள்: "இன்று கர்த்தராகிய கிறிஸ்து என்னும் இரட்சகர் உங்களுக்குத் தாவீதின் ஊரிலே பிறந்திருக்கிறார்." லுத்தர் தன் கிறிஸ்மஸ் பிரசங்கங்களில் திரும்பத் திரும்பப் போய் நின்ற சொல் அந்த "உங்களுக்கு". கிறிஸ்து பிறந்தார் என்ற செய்தியைப் பிசாசும் நம்பும், அதனால் அவனுக்கு ஒரு பயனும் இல்லை. எனக்குப் பிறந்தார் என்று பிடித்துக்கொள்வதுதான் விசுவாசம் என்பார் அவர். லுத்தரன் பிரசங்கம் நல்ல பிரசங்கமா என்று பார்க்க எனக்குத் தெரிந்த ஒரே அளவுகோல் இதுதான். முடியும்போது அந்த "உங்களுக்கு" என் காதில் விழுந்ததா? விழுந்தால் போதும். பத்து நிமிஷத்தில் முடிந்தாலும் சரி, முப்பது நிமிஷம் போனாலும் சரி.

லுத்தர் இன்னொரு இடமும் பிடிப்பார். பெத்லகேமில் நான் இருந்திருந்தால் பிள்ளைக்கு ஓடி ஓடி உதவியிருப்பேன், துணி துவைத்துக் கொடுத்திருப்பேன் என்று நினைக்கிறாயே, இப்போது ஏன் செய்யவில்லை, உன் பக்கத்தில் இருக்கிறவனிடத்தில் கிறிஸ்து இருக்கிறாரே என்று கேட்பார். இரண்டு வருஷம் முன்பு எங்கள் போதகர் இதைச் சொல்லிவிட்டு, கிரானைட் பட்டறையில் வேலைக்கு வந்த வடமாநிலக் குடும்பம் ஒன்று கைக்குழந்தையோடு வாடகை வீடு கேட்டு மூன்று தெரு சுற்றின கதையைச் சொன்னார். "சத்திரத்திலே இடமில்லை" என்று சொன்ன வீட்டுக்காரர்களில் இரண்டு பேர் அன்றைக்குக் கோயிலில்தான் இருந்தார்கள். பெயர் சொல்லவில்லை. சொல்ல வேண்டியிருக்கவும் இல்லை, மூன்றாம் வரிசையில் இருமல் சத்தம் அதிகமாகிவிட்டது.

நல்ல நாளும் அதுவுமா பாவம், மரணம்னு பேசணுமா?

மேலே சொன்ன "உங்களுக்கு இரட்சகர்" என்பதில் இரட்சகர் என்ற சொல் இருக்கிறதே, எதிலிருந்து இரட்சிக்கிறார் என்று சொல்லாமல் எப்படிச் சொல்வது? நியாயப்பிரமாணம், சுவிசேஷம் என்று லுத்தரன் போதகர்கள் இரண்டாகப் பிரித்துச் சொல்வார்கள். முதலாவது நம் நிலைமையைக் காட்டும். இரண்டாவது தேவன் நமக்காகச் செய்ததைக் கொடுக்கும். டாக்டர் நோயைச் சொல்லாமல் மருந்துச் சீட்டை மட்டும் நீட்டினால் வாங்கிக்கொள்வோமா? ஆனால் நோயை மட்டும் முக்கால் மணி நேரம் விளக்கிவிட்டு மருந்தை "ஆமென்"-க்கு முந்தின வாக்கியத்தில் தள்ளிவிடுகிற பிரசங்கங்களும் நான் கேட்டிருக்கிறேன். அது சரியில்லை, கிறிஸ்மஸ் அன்று நிச்சயம் சரியில்லை.

இன்னொன்று, சபை நாட்காட்டியே இதை மறைப்பதில்லை. டிசம்பர் 26 கல்லெறிந்து கொல்லப்பட்ட ஸ்தேவானின் நாள். 28 ஏரோது கொன்ற பெத்லகேம் குழந்தைகளின் நாள். பிரியாணி செரிப்பதற்குள் இவை வந்துவிடுகின்றன. 26 காலை ஆராதனைக்குப் பதினைந்து பேர் வந்தால் பெரிய விஷயம் என்பது வேறு.

நான் வருஷத்துக்கு ஒரு தரம், கிறிஸ்மஸ்க்கு மட்டும்தான் வர்றேன். எனக்கு இராப்போஜனம் குடுப்பீங்களா?

இந்தக் கேள்வியைக் கேட்கிறவர்கள் பெரும்பாலும் குரலைத் தாழ்த்திக் கேட்கிறார்கள். தாழ்த்த வேண்டாம். நீங்கள் விசுவாசத்தைச் சபைமுன் அறிக்கையிட்டுத் திடப்படுத்தல் பெற்ற சபை அங்கத்தினர் என்றால் முந்தின நாளே போதகரிடம் போய்ப் பெயர் கொடுங்கள். பெயர் கொடுப்பது வருகைப் பதிவேட்டுக்காக அல்ல. யாராவது ஒருவரோடு மனஸ்தாபம் இருக்கிறதா, மனசில் பாரம் இருக்கிறதா என்று போதகர் இரண்டு வார்த்தை பேச அது ஒரு வாய்ப்பு. அப்புறம் ஆராதனையில் பாவ அறிக்கை, பாவமன்னிப்புக் கூறுதல், அதன்பின் அப்பமும் ரசமும் பெறுகிற இராப்போஜனம்.

தகுதி எது என்பதற்கு 1529-இல் வந்த லுத்தரின் கேள்வி-பதில் புத்தகமான சிறிய ஞானோபதேசத்தில் பதில் இருக்கிறது. உபவாசமும் உடம்பை ஆயத்தப்படுத்துவதும் நல்லதுதான், ஆனால் "உங்களுக்காகக் கொடுக்கப்பட்டது, சிந்தப்பட்டது" என்ற வார்த்தைகளை நம்புகிறவனே உண்மையில் தகுதியுள்ளவன் என்கிறது. பாருங்கள், இங்கேயும் அதே "உங்களுக்கு". வேறு சபையிலிருந்து விருந்தாளியாக வந்திருந்தால் வரிசையில் நின்றுவிட்டு யோசிக்காமல், முன்னாடியே போதகரிடம் பேசிவிடுங்கள். இரண்டு பேருக்குமே சங்கடம் இருக்காது.

பக்கத்து வீட்டு பெந்தெகொஸ்தே அண்ணன், டிசம்பர் 25 பைபிள்ல இல்லங்கறாரு. நாம ஏன் கொண்டாடறோம்?

அண்ணன் சொல்வது உண்மை. தேதி பைபிளில் இல்லை. ரோமாபுரியில் 336-ஆம் ஆண்டையொட்டிய ஒரு பட்டியலில்தான் 25 முதலில் தெளிவாகக் காணப்படுகிறது. லுத்தரன் சபை இதைக் கட்டளையாக வைக்கவில்லை. தேவன் கட்டளையிடவும் இல்லை, விலக்கவும் இல்லை என்கிற காரியங்களைச் சபை நல்லொழுங்குக்காக வைத்துக்கொள்ளலாம், ஆனால் மனச்சாட்சிக்குச் சுமையாக்கக் கூடாது. லுத்தரன்களின் இன்னொரு விசுவாச அறிக்கையான 1577-இன் இணக்க வாசகத்தின் பத்தாம் பகுதி இதைப் பற்றித்தான் பேசுகிறது. ஆகவே அண்ணன் கொண்டாடாவிட்டால் அவர் பாவி அல்ல, நாம் கொண்டாடினால் நாமும் அல்ல. அவர் வீட்டுக்கும் ஒரு தட்டில் முறுக்கும் கச்சாயமும் அனுப்புங்கள். போன வருஷம் தட்டு வாழைப்பழத்தோடு திரும்பி வந்ததாகக் கேள்வி.

கிறிஸ்மஸ் மரம் லுத்தர் ஆரம்பிச்சதாமே? அப்ப சாந்தா தாத்தாவும் நம்ம ஆளா?

லுத்தர் இரவில் காட்டு வழியே நடந்து, மரக்கிளைகளுக்கு நடுவே நட்சத்திரங்களைப் பார்த்து, வீட்டுக்கு மரத்தைக் கொண்டுவந்து மெழுகுவர்த்தி வைத்தார் என்று ஞாயிறு பள்ளியில் நானும் சொல்லியிருக்கிறேன். அது பிற்காலத்துக் கதை, 19-ஆம் நூற்றாண்டு ஓவியங்களால் பரவியது. இப்போது சொல்வதில்லை. அவர் தன் பிள்ளைகளுக்காக ஒரு கிறிஸ்மஸ் பாட்டு எழுதினார், அது 1535-இல் அச்சாயிற்று என்பது உண்மை. அதுவே போதும். நம் ஊரில் மரம் என்றால் சவுக்குக் கிளைதான், மூன்றாம் நாளே கொட்டத் தொடங்கிவிடும்.

சாந்தா, நிக்கோலாஸ் என்ற பழைய பேராயரின் நினைவிலிருந்து வந்து, வழியில் நிறைய மாறிப்போனவர். கேரல் ரவுண்டில் அவர் பின்னால் ஆடிக்கொண்டு வரட்டும், குழந்தைகளுக்குச் சந்தோஷம். பலிபீடத்துப் பக்கம் வர வேண்டாம். இது சபைத் தீர்மானம் அல்ல, என் தீர்மானம்.

டிசம்பர் 31 ராத்திரி வாக்குத்தத்த கார்டு எடுக்கலாமா? நம்ம ஐயர் முகம் சுளிக்கிறார்.

புது வருஷத்துக்கான வாக்குத்தத்த வசனம் எழுதின கார்டைப் பெட்டியிலிருந்து எடுப்பது பாவம் என்று அவர் சொல்லவில்லை. வசனங்களைச் சீட்டுப்போல எடுக்கிற வழக்கம் லுத்தரன் உலகத்துக்குப் புதிதும் அல்ல. ஜெர்மனியின் ஹெர்ன்ஹூட் சபையார் 1731-இலிருந்து தினவசனப் புத்தகம் அச்சிட்டு வருகிறார்கள், அதை விரும்பிப் படிக்கிற லுத்தரன்கள் ஏராளம். அவர் முகம் சுளிப்பது வேறு காரணத்துக்கு. "உன்னை வாலாக்காமல் தலையாக்குவார்" வந்தால் பிரமோஷன் என்று சொல்லிக்கொள்வது, பிடிக்காத வசனம் வந்தால் மடித்துப் பெட்டியில் போட்டுவிட்டு இன்னொன்று எடுப்பது. ஒரு அம்மா நான்காவது கார்டில்தான் திருப்தியானார். நானே பெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

ஜனவரி 1-க்கு நாட்காட்டியில் வேறு விசேஷம் இருக்கிறது. இயேசுவுக்கு எட்டாம் நாள் விருத்தசேதனம் செய்து பெயரிட்ட நாள். பழைய பாடத்திட்டத்தில் அன்றைய சுவிசேஷம் லூக்கா 2:21, ஒரே ஒரு வசனம். நடுராத்திரிவரை விழித்திருந்து வருகிறவர்கள் மேல் யாரோ இரக்கப்பட்டு வைத்த மாதிரி. "இயேசு" என்ற பெயரே எல்லாருக்கும் பொதுவான வாக்குத்தத்தம் என்று போதகர் சொல்வார். அதைக் குலுக்கி எடுக்க வேண்டியதில்லை.

ஜனவரி ஆறு என்ன பண்டிகை? மூணு ராஜாக்கள் வந்த நாள்தானே?

பிரசன்னத் திருநாள். எப்பிபனி என்ற கிரேக்கச் சொல்லுக்குத்தான் நம் பைபிள் "பிரசன்னமாகுதல்" என்று போடுகிறது. கிறிஸ்மஸ் 25-ஆம் தேதியோடு முடிவதில்லை. 25-இலிருந்து ஜனவரி 5 வரை பன்னிரண்டு நாள், அதன் பிறகு இந்தத் திருநாள். பாடம் மத்தேயு 2-ஆம் அதிகாரம். நம் பைபிளில் ராஜாக்கள் என்று இல்லை, கிழக்கிலிருந்து வந்த "சாஸ்திரிகள்". மூன்று பேர் என்றும் இல்லை. பொன், தூபவர்க்கம், வெள்ளைப்போளம் என்று காணிக்கை மூன்று, அதை வைத்து ஆளையும் மூன்றாக்கிவிட்டார்கள். ஞாயிறு பள்ளி நாடகத்தில் ஒரு வருஷம் ஆறு பையன்கள் ஜரிகைத் துண்டுக்கு அடம்பிடித்தபோது இந்த விஷயம் எனக்குப் பெரிய உதவியாக இருந்தது.

குடிலில் மேய்ப்பர்களோடு அவர்களையும் சேர்த்து நிறுத்துகிறோமே, அதுவும் சரியல்ல. "அந்த வீட்டுக்குள் பிரவேசித்து" என்கிறார் மத்தேயு, தொழுவம் என்று சொல்லவில்லை. ஏரோது இரண்டு வயதுவரை உள்ள பிள்ளைகளைக் கொன்றதிலிருந்து, சில காலம் கழிந்து வந்தார்கள் என்று தெரிகிறது. எங்கள் குடிலில் சாஸ்திரிகளை முதலில் கோயில் வாசல் ஜன்னலில் வைத்து, வாரம் ஒரு ஜன்னலாக நகர்த்தி, ஜனவரி 6-க்குத்தான் உள்ளே சேர்க்கிறோம். ஒட்டகத்தின் ஒரு கால் அந்தப் பயணத்தில் உடைந்து எம்சீல் போட்டு நிற்கிறது.

நட்சத்திரத்த பாத்து வந்தாங்கன்னா ஜோசியம் உண்மைன்னுதானே ஆகுது? பொண்ணுக்கு ஜாதகம் பாக்கலாமா?

இதுதான் எல்லாவற்றிலும் கஷ்டமான கேள்வி. கேட்டவர் ஜாதகக்கட்டைக் கைப்பையில் வைத்துக்கொண்டேதான் கேட்டார். மத்தேயுவை மெதுவாகப் படியுங்கள். நட்சத்திரத்தை நம்பி வந்தவர்கள் எருசலேம் அரண்மனையில் போய் நின்றார்கள், அது தப்பான வாசல். பெத்லகேம் என்ற ஊர்ப்பெயர் அவர்களுக்கு வானத்திலிருந்து கிடைக்கவில்லை, மீகா தீர்க்கதரிசியின் புத்தகத்திலிருந்து வாசித்துச் சொல்லப்பட்டது. அதன் பிறகே நட்சத்திரம் திரும்ப வந்து வழி காட்டியது. தேவன் அவர்களுக்குத் தெரிந்த பாஷையில் கூப்பிட்டார், ஆனால் வசனத்தைக் கொண்டுதான் வீடு சேர்த்தார்.

வேடிக்கை என்னவென்றால், லுத்தரின் நெருங்கிய தோழர் மெலாங்டன் ஜோசியத்தை உண்மையாகவே நம்பினவர். லுத்தர் அவரைக் கிண்டல் செய்வார். ஏசாவும் யாக்கோபும் ஒரே தகப்பன், ஒரே தாய், ஒரே நேரம், ஒரே நட்சத்திரம், பிறகு ஏன் இரண்டு பேரும் இரண்டு விதம் என்று கேட்பார். நம் ஊர்ப் பேச்சில் சொன்னால், இரட்டைப் பிள்ளைகளின் ஜாதகத்தை எப்படி எழுதுவாய் என்பதுதான். ஆகவே பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கும்போது ஜாதகத்துக்குப் பதில் பையனின் குடிப்பழக்கத்தை விசாரியுங்கள். அது இன்னும் பயன்படும்.

பொங்கலும் இதே நேரத்துல வருதே. நாம பொங்கல் வைக்கலாமா?

25-ஆம் தேதி பற்றிச் சொன்ன அதே பத்தாம் பகுதி இதற்கும் பொருந்தும். பானையில் அரிசியும் வெல்லமும் போட்டுப் பொங்கவைத்து விளைச்சலுக்காகத் தேவனுக்கு நன்றி சொல்வதில் தப்பில்லை. சூரியனையோ மாட்டையோ வணங்குவது அந்தச் சுதந்தரத்துக்குள் வராது. கோடு அங்கேதான். எங்கள் சபையில் பக்கத்து ஞாயிறு அன்று கேழ்வரகு, துவரை, அவரைக்காய், கரும்பு எல்லாம் கொண்டுவந்து பலிபீடத்தின் முன்னால் வைத்து ஜெபித்து, வெளியே ஏலம் விடுவோம். ஒரு பூசணிக்காய் ஒரே நாளில் மூன்று பேரால் வாங்கப்பட்டு மூன்று முறை திரும்பக் காணிக்கையாக வந்தது. எருது விடும் விழா நடக்கிற வாரம் வாலிபர் வரிசை காலியாக இருப்பதைப் பற்றி நான் எதுவும் சொல்லப் போவதில்லை.

எப்பிபனிக்கு அப்புறம் வர்ற ஞாயிறெல்லாம் சும்மா ஞாயிறுதானே?

சும்மா இல்லை. இயேசு யார் என்று ஒவ்வொரு வாரமும் ஒரு ஜன்னல் திறக்கிறது. யோர்தானில் ஞானஸ்நானம், தண்ணீரைத் திராட்சரசமாக்கின கானாவூர்க் கல்யாணம், குஷ்டரோகி, நூற்றுக்கு அதிபதி, கடலில் புயல், கடைசியில் மலைமேல் மறுரூபம். ஈஸ்டர் தேதியைப் பொறுத்து எண்ணிக்கை கூடும் குறையும். 2026-இல் ஈஸ்டர் ஏப்ரல் 5, தவக்காலம் தொடங்குகிற சாம்பல் புதன் பிப்ரவரி 18. அதனால் ஜனவரி 11 முதல் பிப்ரவரி 15 வரை ஆறு ஞாயிறுகள், ஆறாவது மறுரூப ஞாயிறு.

கானாவூர்ப் பாடம் வருகிற ஞாயிறு எனக்குப் பிடித்தது. தை பிறந்து கல்யாணப் பத்திரிகைகள் வந்துகொண்டிருக்கிற நேரம். பந்தியில் ஒன்று தீர்ந்துபோனால் வீட்டுக்காரர் முகம் எப்படி ஆகும் என்று இங்கே எல்லாருக்கும் தெரியும். பிரசங்கி விளக்க வேண்டிய வேலை பாதி குறைந்துவிடும். ஞானஸ்நான ஞாயிறு அன்று கைக்குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுக்க வைத்தால் நல்லது என்று போதகர் சொல்கிறார். பாட்டி ஊரிலிருந்து வரட்டும், மண்டபம் கிடைக்கட்டும் என்று தள்ளிப்போடுவது குடும்பங்கள்தான்.

எப்பிபனி காணிக்கைய ஏன் சுவிசேஷ ஊழியத்துக்குன்னு தனியா எடுக்கறாங்க? நாம தரங்கம்பாடி வழியா வந்தவங்கதானே?

சாஸ்திரிகள் யூதர் அல்லாதவர்கள். வெளியாட்கள் முதலில் உள்ளே வந்த நாள் என்பதால் இதை மிஷன் திருநாளாக வைப்பது பல நாட்டு லுத்தரன்களின் வழக்கம். மேய்ப்பர்களுக்குச் சொன்ன "உங்களுக்கு" யார் யாரைச் சேர்க்கும் என்பதற்கு இந்த நாள்தான் விடை.

தரங்கம்பாடிக்கு ஜெர்மன் லுத்தரன் மிஷனரிகள் சீகன்பால்குவும் புளூட்சோவும் 1706 ஜூலை 9 அன்று வந்தார்கள். தமிழ் லுத்தரன் எல்லாருக்கும் அது தாய்வீடு. ஆனால் கிருஷ்ணகிரியின் கதை கொஞ்சம் வேறு. இங்கே ஊழியம் தொடங்கின மிஷனரி தியோடர் நேத்தர், ஜெர்மனியின் லைப்சிக் லுத்தரன் மிஷனில் இருந்தவர். வேதாகமத்தின் முழு நம்பகத்தைப் பற்றிய கருத்து வேறுபாட்டில் அதிலிருந்து விலகி, அமெரிக்காவின் மிசௌரி லுத்தரன் சபை அனுப்ப 1895-இல் இங்கே வந்து தொடங்கினார். அந்தச் சபையின் இந்திய ஊழியத்துக்கே கிருஷ்ணகிரிதான் முதல் இடம். ஆம்பூரெல்லாம் அதற்குப் பிறகு. 1904-இல் பிளேக் நோய் வந்தபோது அந்த நோயிலேயே இறந்தார். இந்த ஊர்க்காரர் பலருக்கே இது தெரியாது. காணிக்கைப் பை வரும்போது பத்து ரூபாயை நூறாக்கச் சொல்லவில்லை, தெரிந்துகொண்டு போடுங்கள் என்கிறேன்.

எல்லாம் சரி, ஸ்டாரை எப்ப கழட்டணும்? மாமியார் 2-ஆம் தேதியே கழட்டச் சொல்றாங்க.

ஜனவரி 2 நிச்சயம் சீக்கிரம். சாஸ்திரிகள் இன்னும் வழியில்தான் இருக்கிறார்கள், அவர்களுக்கு அது வேண்டும். 6 இரவு வரை எரியட்டும். குழந்தையைத் தேவாலயத்தில் ஒப்புக்கொடுத்த பிப்ரவரி 2 வரை அலங்காரத்தை வைத்திருக்கிற நாடுகளும் உண்டு, ஆனால் நம் பேப்பர் ஸ்டார் பனியில் அத்தனை நாள் தாங்காது.

கழற்றும்போது முதலில் சுவிட்சை அணைத்து பிளக்கைப் பிடுங்குங்கள். ஒயரைச் சுற்றும்போது டேப் ஒட்டின இடம் பிரிந்திருக்கிறதா பாருங்கள். எங்கள் வீட்டில் ஒரு ஈரமான ராத்திரி அந்த இடத்தில்தான் பொறி பறந்து தெருவுக்கே இருட்டு வந்தது. பல்பைத் தனியாக, காகிதத்தை மடித்துத் தனியாக, ஒரு பாலிதீன் கவரில் போட்டுப் பரண்மேல் வையுங்கள். எலி இருந்தால் டிரங்குப் பெட்டியில்.